கோடியக்கரையில் ஒரு பங்குனிக் காலை

பறவை பார்க்கிறவர்கள் கார்த்திகையிலோ மார்கழியிலோதான் கோடியக்கரைக்குப் போவார்கள். நான் பங்குனி பிறந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்பினேன். "கடை சாத்துற நேரத்துக்குப் போறியே" என்று நண்பன் சிரித்தான். வலசை வந்த பறவைகள் ஊர் திரும்பத் தயாராகிற அந்தக் கடை சாத்துகிற நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

வேதாரண்யத்தில் ஒரு டீ. அகஸ்தியம்பள்ளி வழியாகப் போகிற சாலை. 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம். இன்றும் அந்தப் பக்கம் முழுக்க உப்பளம்தான். கோடியக்கரையில் இறங்கியபோது கடலுக்கு மேல் லேசாகச் சிவந்திருந்தது.

மணல்மேட்டில் ஏறியதுமே அடம்பு. எங்கள் ஊர்ப் பக்கம் அடப்பங்கொடி என்போம். மணல் தெரியாதபடி படர்ந்து, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல்களாகப் பூத்திருந்தது. குனிந்து பார்த்தால் தொண்டைக்குள் நிறம் இன்னும் அடர்த்தி. ஒரு பூவின் அடியில் எறும்புகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. இதன் இலை நடுவில் பிளந்திருக்கும். அதை மானின் குளம்புக்கு ஒப்பிட்டான் ஒரு சங்கப் புலவன். படித்தபோது சும்மா உவமைதானே என்று கடந்திருக்கிறேன். இங்கே கொடிக்கு ஒரு முழம் தள்ளி, ஈர மணலில் வெளிமான் நடந்துபோன தடம். ஓர் இலையைத் தடத்தின் மேல் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல்! (1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக்கியதே முக்கியமாக இந்த மான்களுக்காகத்தான்.)

காற்றில் இராவணன் மீசைப் புல்லின் காய்ந்த முள்ளுருண்டைகள் உருண்டு ஓடின. அவற்றுக்கு நடுவே தானும் ஓர் உருண்டைபோல ஓடியது ஒரு மணல் உப்புக்கொத்தி. நாலடி ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், மண்ணில் ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். நான் தை மாதம் வந்தபோது இதே பறவை மங்கிய சாம்பலும் வெள்ளையுமாக இருந்தது. இப்போது மார்பில் செங்கல்பொடி தூவினாற்போல ஒரு பட்டை. இனப்பெருக்க காலத்துக்கான உடை மாற்றம். நம் கரையில் வேனில் வருவதை மரத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். இந்த மார்புகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சேற்றுப் பக்கம் இன்னும் ருசி. வளைமூக்கு உள்ளான்கள் நூற்றுக்கணக்கில். சில பழைய சாம்பல் நிறத்தில், சில பாதி சிவந்து ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. இவை போகவேண்டியது சைபீரியத் தூந்திரம், மரமே இல்லாத உறைபனிச் சமவெளி. பக்கத்தில் மேய்ந்த கொசு உள்ளான் 30 கிராம்கூடத் தேறாது. அதுவும் ஆர்க்டிக் பக்கம்தான் போகும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி இந்தப் பயணங்களைத் தொடர்ந்து வருகிறார்கள். தூரத்தில் பூநாரைகள் ஒரு வெளிர்சிவப்புக் கோடாக நின்றன. எல்லோரும் அவற்றுக்காகத்தான் வருகிறார்கள். எனக்கென்னவோ அன்று அந்தப் பக்கம் கண்ணே போகவில்லை.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்று ஆசைப்பட்டு காலை வைத்தேன். முழங்கால்வரை சேறு. கால் வந்தது, இடது செருப்பு வரவில்லை.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "இதெல்லாம் எப்பங்க ஐயா கிளம்பும்?" என்று கேட்டேன்.

"சித்திரை பொறந்தா பாதி இருக்காது தம்பி. போறதுக்கு முன்னாடி நல்லாத் தின்னு கொழுத்துக்கும். எண்ணிட்டிருந்தீங்களே, எத்தனை?"

"நானூறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எல்லாம் ஒண்ணாப் பறந்துடுச்சு."

"அது அப்படித்தான்."

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. அடம்புப் பூக்கள் வாடிச் சுருங்கத் தொடங்கியிருந்தன. நெருஞ்சி மட்டும் மஞ்சளாக முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் முள்ளுக்கும் சுடுமணலுக்கும் பயந்து, ஒற்றைச் செருப்போடு நாலடி ஓடுவதும் நிற்பதுமாக வந்தேன்.

பின்னாலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்: "என்ன தம்பி, நீங்களும் உள்ளான் மாதிரியே ஓடுறீங்க?"