சக்கரம் தரையில் நிற்கணும்

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் மாமியார் வீட்டுக்குப் போகிற வழியில் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் இடது முன்சக்கரத்தில் ‘டொக்’. மகள் பின்சீட்டில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். அம்பை சேரும்போது 31.

லோயர் ஆர்ம் புஷ்தான். சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கிற கை லோயர் ஆர்ம்; அது வண்டியோடு சேருமிடத்தில் இருக்கிற ரப்பர் மூட்டு புஷ். போன வருடம்தான் ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் மாற்றினேன். அதற்குள் ரப்பர் கிழியுமா? மறுபடி அங்கே போய் நிற்க மனசு வரவில்லை. புஷ்ஷும், சக்கரத்துப் பக்கம் இருக்கிற உருண்டை மூட்டான பால் ஜாயின்டும் சேர்ந்தே வருகிற முழு ஆர்ம் ஒன்றை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி. ஜாக்கியை நம்பி அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளிவிட்டேன்.

உயிரை வாங்கியது பால் ஜாயின்ட் போல்ட்தான். தளர்த்தினால் மட்டும் போதாது. பால் ஜாயின்டின் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். முழுசாக உருவினால்தான் தண்டு இறங்கும். துருவுக்கு எண்ணெய் அடித்துவிட்டு காபி குடித்து வந்தேன். தண்டைக் கவ்வியிருக்கும் பிடியின் பிளவில் உளியைச் செருகி லேசாக விரித்ததும் பொத்தென்று விழுந்தது.

பழைய முன்புஷ்ஷைப் பார்த்தால், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி ரப்பர் ஒரே பக்கமாக முறுகிக் கிழிந்திருந்தது.

புதியதை மாட்டி, புஷ் போல்ட்டில் ஸ்பானரை மூச்சுப்பிடித்து இழுக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி.

“ஏல, நிறுத்துல. அந்தரத்துல தொங்கும்போதே இறுக்குனா, கீழ எறக்குனதும் ரப்பர் முறுகிக்கிட்டுல்லா நிக்கும்?”

சரிதான். போல்ட்டை இறுக்கினால் புஷ்ஷின் உள்குழாய் அசையாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கிற ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வில்லை. போன வருடம் அந்தப் பட்டறையில் வண்டியை லிஃப்டில் தூக்கியபடியே இறுக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அருகில் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தவன் நான்.

பால் ஜாயின்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, வண்டியின் பாரம் ஆர்மில் ஏறிய பிறகு இறுக்கினேன். மறுநாள் அலைன்மென்ட்.

அடுத்த தடவை அம்பைக்குப் போனபோது மகள் ஒரு விரல்கூட மடக்கவில்லை. வலது பக்கமும் அதே பட்டறை வேலைதான். ரப்பர் இன்னும் கிழியாமல் இருந்தால், தளர்த்தி, பாரம் ஏற்றி, மறுபடி இறுக்கினால் போதும். வருகிற ஞாயிறு பார்க்கணும்.