கோச்சுக்கு ஏஜெண்ட் இருந்தா சாமர்த்தியம், பிளேயருக்கு இருந்தா தப்பா?

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கோச் லேன் கிஃபின் 2025 நவம்பர் 30ஆம் தேதி ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி யூனிவர்சிட்டி) விட்டுட்டு எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) போயிட்டார். ஓல் மிஸ் டீம் 11 வெற்றி, 1 தோல்வின்னு 11-1ல நின்னுச்சு, அந்த யூனிவர்சிட்டி வரலாற்றுலயே முதல் தடவையா தேசிய சாம்பியனுக்கான பிளேஆஃப் ஆடப்போற நேரம், கோச் மட்டும் இல்ல. எல்எஸ்யூ கொடுத்தது ஏழு வருஷம், 91 மில்லியன் டாலர். அந்த வாரம் பூரா ஆபீஸ்ல, வாட்ஸப் குரூப்ல எங்க பார்த்தாலும் இதே பேச்சு, பேசிப் பேசி கடைசில எல்லாரும் வந்து நின்ன இடம் என்னன்னா "பசங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சாங்க பாரு, அன்னிக்கே காலேஜ் ஃபுட்பால் செத்துப்போச்சு". 91 மில்லியன் வாங்கினது கோச். பழி மட்டும் ஆடற பசங்க மேல. இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பசங்க பேரை, படத்தை வச்சு சம்பாதிக்கலாம்னு காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பான என்சிஏஏ விட்டது 2021 ஜூலை 1. காசு அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள வந்தாச்சு. நான் டெக்சாஸ்ல இருக்கறதால டெக்சாஸ் ஏ அண்ட் எம் கதையவே எடுத்துக்கறேன். 1982ல ஜாக்கி ஷெரில்னு ஒரு கோச்சை பிட்ஸ்பர்க்லருந்து கூட்டிட்டு வந்தாங்க, 6 வருஷத்துக்கு சுமார் 1.7 மில்லியன் டாலர். ஒரு ஃபுட்பால் கோச்சுக்கு இவ்ளோவான்னு நாடு பூரா அப்ப அதிர்ச்சி. ரெண்டு வருஷம் கழிச்சு, 1984ல, ஓக்லஹோமா, ஜார்ஜியா யூனிவர்சிட்டிங்க தொடுத்த கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 7-2ன்னு தீர்ப்பு சொல்லிச்சு: எந்த மேட்சை டிவில காட்டலாம், எவ்ளோ காட்டலாம்னு முடிவு பண்ற அதிகாரம் என்சிஏஏ ஒருத்தர் கையிலயே இருக்கக்கூடாதுன்னு. அன்னிலருந்து டிவி காசு நேரா கான்ஃபரன்ஸுங்களுக்கும் (யூனிவர்சிட்டிங்க சேர்ந்து ஆடற லீக்) யூனிவர்சிட்டிகளுக்கும் கொட்ட ஆரம்பிச்சுது. 2022ல பிக் டென்ங்கற கான்ஃபரன்ஸ் போட்ட டிவி ஒப்பந்தம் மட்டும் ஏழு வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல. இவ்ளோ காசு வருது, ஆடறவனுக்கு சம்பளமா கொடுக்கக்கூடாதுன்னு ரூல், அப்ப அது எங்க போகும்? ஸ்டேடியத்துக்கும் கோச்சுக்கும்தான் போகும், போச்சு.

அதே ஏ அண்ட் எம் 2017 டிசம்பர்ல ஜிம்போ ஃபிஷரைக் கொண்டு வந்தாங்க. 10 வருஷம், 75 மில்லியன், ஒரு பைசா குறையாம முழுசும் கேரண்டி. சேன்சலர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு நினைவுப் பலகை கொடுத்தார், அதுல தேசிய சாம்பியன்னு பொறிச்சு வருஷத்துக்கு 20 மட்டும் போட்டு மீதி ரெண்டு இலக்கம் காலியா இருந்துச்சு, நீங்களே நிரப்பிக்கோங்கன்னு. 2020ல டீம் 9-1. அடுத்த வருஷம் செப்டம்பர்ல, எல்எஸ்யூ அவரைத் தன் பக்கம் இழுக்கப்போகுதுன்னு பேச்சு ஓடிட்டிருந்த நேரம், 2031 வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டி வருஷத்துக்கு 9 மில்லியனுக்கு மேல ஆக்கிட்டாங்க. அடுத்த சீசன் 5-7. 2023 நவம்பர்ல மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10ன்னு அடிச்ச மறுநாள் அவரை வேலையை விட்டு அனுப்பினாங்க. வேலையை விட்டு அனுப்பினதுக்கு அவருக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 76 மில்லியன் டாலர்.

அந்த ஒப்பந்தத்துல ஒரு விஷயத்தை உத்துப் பார்க்கணும். சாதாரணமா ஒரு கோச்சை அனுப்பினா அவர் வேற வேலை தேடணும், அங்க கிடைக்கற சம்பளத்தைப் பழைய யூனிவர்சிட்டி கொடுக்க வேண்டிய தொகைல கழிச்சுக்குவாங்க. ஃபிஷர் ஒப்பந்தத்துல அது கிடையாது. அவர் மறுநாளே வேற இடத்துல சேர்ந்தாலும் சரி, வீட்டுல உக்காந்திருந்தாலும் சரி, 60 நாளுக்குள்ள 19 மில்லியன் சொச்சம், அப்புறம் 2031 வரைக்கும் வருஷா வருஷம் 7.2 மில்லியன், வந்துட்டே இருக்கும். இந்த மாதிரி வரி தானா வந்து ஒப்பந்தத்துல உக்காராது, அதை எழுதி வாங்க ஒருத்தர் வேணும். அவர்தான் ஏஜெண்ட்.

ஜிம்மி செக்ஸ்டன்னு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. மெம்ஃபிஸ்காரர், சிஏஏங்கற ஏஜென்சி கம்பெனி. ஃபிஷர் அவர் ஆள். கிஃபின் அவர் ஆள். நிக் சேபன், கிர்பி ஸ்மார்ட் மாதிரி பெரிய கோச்சுங்க எல்லாம் அவர் ஆளுங்கதான். எல்எஸ்யூ, ஏ அண்ட் எம் எல்லாம் இருக்கற எஸ்இசி கான்ஃபரன்ஸ்ல ஒரு கோச்சை அனுப்பினா புதுசா வரக்கூடியவர் அவர் ஆள், அதே நேரத்துல "எங்க கோச்சையும் கேப்பாங்களோ"ன்னு இன்னொரு யூனிவர்சிட்டி பயந்துபோய் சம்பளத்தைக் கூட்டினா அந்தக் கோச்சும் அவர் ஆள். 2013 ஜனவரில சேபன் கோச்சா இருந்த அலபாமா நோட்ர டேமை அடிச்சு டைட்டில் வாங்கின கையோட, டெக்சாஸ் யூனிவர்சிட்டி நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருத்தர் செக்ஸ்டன் கிட்ட சேபனைப் பத்தி போன்ல பேசினார், டெக்சாஸ்ல மேக் பிரவுன் கோச்சா இருக்கும்போதே. இது பின்னாடி ஒரு இமெயில் பத்திரிகைக்காரங்க கைல கிடைச்சப்பதான் வெளிய தெரிஞ்சுது. அந்த வருஷம் டிசம்பர்ல சேபன் அலபாமாலயே இருக்கேன்னு சொல்லி புது ஒப்பந்தம் போட்டுக்கிட்டார், வருஷத்துக்கு சுமார் 7 மில்லியன். நான் செக்ஸ்டனைக் குறை சொல்லல. தன் ஆளுக்கு என்ன விலை கிடைக்கும்னு தெரிஞ்சு பேரம் பேசறது அவர் வேலை, அதை அவர் நல்லா செய்யறார். என் கேள்வி, அதே மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்த 18 வயசுப் பையனுக்கு ஏன் அப்படி ஒரு ஆள் இருக்கக்கூடாதுன்னு இவ்ளோ வருஷம் சொன்னாங்க?

இருக்கக்கூடாதுன்னா சும்மா இல்ல, இருந்தா ஆடவே முடியாது. ஆண்டி ஆலிவர்னு ஒரு பேஸ்பால் பிட்சர். 2006ல ஹைஸ்கூல் முடிக்கும்போது மினசோட்டா ட்வின்ஸ்ங்கற தொழில்முறை பேஸ்பால் டீம் அவரைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கே வந்து 390,000 டாலர் தர்றோம்னு பேசினாங்க. அந்தப் பேச்சுவார்த்தைல குடும்பத்தோட வக்கீலும் அதே ரூம்ல உக்காந்திருந்தார். அந்தப் பணம் வேணாம், படிக்கறேன்னு சொல்லிட்டு பையன் ஓக்லஹோமா ஸ்டேட்ல சேர்ந்துட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு, 2008ல, முக்கியமான போட்டிக்கு முன்னாடி சஸ்பெண்ட் பண்ணாங்க, என்ன குத்தம்னா வக்கீல் ரூம்ல இருந்தது. ஒரு டீனேஜ் பையன், எதிர்ல தொழிலே இதுன்னு இருக்கற டீம்காரங்க, பக்கத்துல சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்தா குத்தம்! அவர் கோர்ட்டுக்குப் போனார், ஒஹையோ ஜட்ஜ் அவர் பக்கம் தீர்ப்பு கொடுத்தார், கடைசில என்சிஏஏ 750,000 டாலர் கொடுத்து கேஸை முடிச்சுக்கிட்டாங்க. ஆனா ரூலை அப்படியே வச்சுக்கிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கேஸ் இருக்கு, காலேஜ் ஸ்போர்ட்ஸ் பேசற நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. 1991ல என்சிஏஏ செலவைக் குறைக்கறோம்னு சொல்லி, ஃபுட்பால் தவிர மத்த ஆட்டங்கள்ல குறிப்பிட்ட வகை அசிஸ்டெண்ட் கோச்சுக்கு வருஷத்துக்கு 16,000 டாலர்தான் கொடுக்கலாம்னு ஒரு ரூல் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தவங்கள்ல சிலர் 60,000, 70,000 வாங்கிட்டிருந்தாங்க. பாஸ்கெட்பால் அசிஸ்டெண்டுங்க சேர்ந்து கேஸ் போட்டாங்க. யூனிவர்சிட்டிங்க எல்லாம் கூடிப் பேசி ஒரு ஆளோட சம்பளத்தை இவ்ளோதான்னு நிர்ணயிக்கறது சட்டவிரோதம்னு 1998ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் என்சிஏஏ 54.5 மில்லியன் டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. கோச்சுக்கு உச்சவரம்பு வைக்கறது தப்புன்னு 1998லயே முடிவாயிடுச்சு, அதே யூனிவர்சிட்டிங்க அதே மாதிரி கூடிப் பேசி பிளேயருக்கு வச்ச வரம்பை சுப்ரீம் கோர்ட் தொட்டது 2021 ஜூன்லதான், அதுவும் படிப்பு சம்பந்தப்பட்ட சலுகைகளுக்கு மட்டும். நடுவுல 23 வருஷம். அந்த 23 வருஷத்துலதான் சேபன் 4 மில்லியனுக்கு அலபாமா வந்து 11 மில்லியனுக்கு மேல போனார். அந்த 23 வருஷத்துலதான் ஜார்ஜியா ஃபுட்பால் பிளேயர் ஏ.ஜே. கிரீன் தன்னோட சொந்த ஜெர்சியை 1,000 டாலருக்கு வித்தார்னு 2010ல நாலு மேட்ச் உக்கார வச்சாங்க, 2014ல யூகான் (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) பாஸ்கெட்பால் டீமை சாம்பியன் ஆக்கின ஷபாஸ் நேப்பியர் சில ராத்திரி பசியோட படுக்கறேன்னு மைக் முன்னாடி சொன்னார். ஒரு கண்ணுல வெண்ணெய், இன்னொரு கண்ணுல சுண்ணாம்பு.

இப்ப எல்லாம் சரியாயிடுச்சேன்னு சொல்றவங்களுக்கு: 2025 ஜூன் 6ஆம் தேதி பிளேயருங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் கேஸ் சமரசத்துக்கு ஜட்ஜ் க்ளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தாங்க, யூனிவர்சிட்டிங்க நேரடியாவே பசங்களுக்குக் காசு கொடுக்கலாம். ரொம்ப நல்ல விஷயம், நான் சந்தோஷப்பட்டேன். ஆனா அதுலயும் வரம்பு இருக்கு. முதல் வருஷத்துக்கு ஒரு யூனிவர்சிட்டிக்கு 20.5 மில்லியன், ஃபுட்பால், பாஸ்கெட்பால், நீச்சல், டென்னிஸ், ஆண் பெண் எல்லாரும் சேர்த்து. ஃபிஷர் ஒருத்தர் கோச் வேலை பார்க்காம இருக்கறதுக்கு வாங்கின காசுல ஒரு யூனிவர்சிட்டியோட மொத்தப் பிளேயர்களுக்கும் மூணு வருஷத்துக்கு மேல கொடுக்கலாம். அது போக ஒரு பையன் வெளில 600 டாலரோ அதுக்கு மேலயோ விளம்பர ஒப்பந்தம் போட்டா அது நியாயமான மார்க்கெட் விலைதானான்னு பார்க்க ஒரு அமைப்பே வச்சிருக்காங்க. 600 டாலருக்கு! எல்எஸ்யூ பிரையன் கெல்லிக்கு 2021ல 10 வருஷத்துக்கு 95 மில்லியன் பேசி, 2025 அக்டோபர்ல அனுப்பும்போது சுமார் 54 மில்லியன் பாக்கி நின்னுச்சே, அது நியாயமான விலையான்னு முன்கூட்டியே பார்த்தது யாரு? கெல்லியைக் கொண்டு வந்த விளையாட்டுத் துறைத் தலைவர் ஸ்காட் உட்வர்ட்தான் ஏ அண்ட் எம்ல இருந்தப்ப ஃபிஷரையும் கொண்டு வந்தார். கெல்லி போன அதே வாரம் அவரும் போனார். காசு தட்டுப்பாடுன்னு வரும்போது யூனிவர்சிட்டிங்க கை வைக்கறது சின்ன ஆட்டங்கள்லதான். கலிபோர்னியால இருக்கற கால் பாலி யூனிவர்சிட்டி 2025 மார்ச்ல நீச்சல் டீமையே மூடிட்டாங்க, பசங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்குன்னு காரணம் சொல்லி.

பிளேயர் பக்கம் இப்ப ஏஜெண்ட் வந்தாச்சு. வந்ததும் எப்படி வந்துச்சுன்னு பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு. என்எஃப்எல்ங்கற தொழில்முறை ஃபுட்பால் லீக்ல பிளேயர் யூனியன் ஏஜெண்டுக்கு லைசென்ஸ் கொடுக்குது, விளையாட்டு ஒப்பந்தத்துல 3 சதவீதத்துக்கு மேல கமிஷன் எடுக்கக்கூடாதுன்னு வச்சிருக்கு. காலேஜ்ல அப்படி எந்த யூனியனும் கிடையாது, யார் வேணா ஏஜெண்ட்னு சொல்லிக்கலாம், 10, 20 சதவீதம்னு வாய் கூசாம கேட்கறாங்க. ஃப்ளோரிடா யூனிவர்சிட்டில ஆடின ஜெர்வான் டெக்ஸ்டர்னு ஒரு பையன், 2022ல ஒரு ஃபண்ட் கம்பெனி கிட்ட 436,485 டாலர் வாங்கிக்கிட்டு கையெழுத்து போட்டார். பதிலுக்கு அவர் என்எஃப்எல்ல சம்பாதிக்கறதுல 15 சதவீதம், வரிக்கு முன்னாடி, 25 வருஷத்துக்கு. இந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு 2023ல அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. செக்ஸ்டன் மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா அந்தப் பேப்பரை மேஜைலயே கிழிச்சுப் போட்டிருப்பார்.

அதனால பசங்களுக்கு ஏஜெண்டே வேணாம்னு பழைய காலத்துக்குத் திரும்பக்கூடாது. வேண்டியது யூனியன். 2014ல நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் பசங்க யூனியன் அமைக்க முயற்சி பண்ணாங்க, அடுத்த வருஷம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இதுல நாங்க தலையிடலைன்னு கையை விரிச்சிடுச்சு. 2024 மார்ச்ல டார்ட்மவுத் பாஸ்கெட்பால் பசங்க 13-2ன்னு யூனியனுக்கு ஓட்டு போட்டாங்க, அந்த வருஷக் கடைசில அவங்களே மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. திரும்ப ஒரு டீம் முயற்சி பண்ணும், பண்ணணும். அன்னிக்கு "இந்தப் பசங்களுக்கு ஆசை அதிகமாயிடுச்சு"ன்னு நம்ம குரூப்ல யாராவது போட்டா இந்த போஸ்டைத்தான் அங்க போடப்போறேன்.