அந்த பி4 பானை (செஸ் சிப்பாயை) எடுக்கலாமா வேணாமா

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன பார்க் இருக்கு, அங்க சிமென்ட் பெஞ்சுல தினமும் சாயங்காலம் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சுருட்டுற செஸ் போர்டோட வந்து உக்காந்துடுவாரு. கோயமுத்தூர்க்காரரு, என்னை விட முப்பது வயசு பெரியவரு, ஆனா என்னையும் வாங்க போங்கன்னு தான் பேசுவாரு. அந்த மரியாதையை நம்பி தான் நான் ரெண்டு வருஷம் தோத்தேன்.

அவரு வெள்ளை எடுத்தா ஒரே ஓப்பனிங் தான் (கட்டத்தோட பேருல எழுத்து நெடுக்கு வரிசை, நம்பர் குறுக்கு வரிசை). இ4 இ5, குதிரை எஃப்3, நான் குதிரை சி6, அவரு பிஷப் சி4, நான் பிஷப் சி5, இது வரைக்கும் சாதா இத்தாலியன் ஓப்பனிங். அப்புறம் ஆள்காட்டி விரல்ல பி பானை தொட்டு ரெண்டு கட்டம் அப்படியே தள்ளுவாரு, தூக்கி எல்லாம் வைக்க மாட்டாரு, பி4, "சும்மா கிடக்குதுங்க தம்பி, எடுத்துக்கங்க"ன்னுட்டு டீயை எடுத்துப்பாரு.

இதுக்குப் பேரு எவன்ஸ் கேம்பிட், கேம்பிட்னா ஆரம்பத்துலயே ஒரு பானை பலி குடுத்து வேகம் வாங்கறது. வேல்ஸ்ல பொறந்த வில்லியம் டேவிஸ் எவன்ஸ்னு ஒரு கப்பல் கேப்டன் 1820கள்ல கண்டுபிடிச்சது. பிஷப் பி4ல பானை அடிச்ச உடனே சி3 வரும், பிஷப் ஓடணும், அந்த ஒரு மூவ் ஓசில கிடைச்சதுல டி4 வந்து சென்டர் முழுக்க வெள்ளை கைக்குப் போயிடும். அதுக்கு மேல பி பான் இல்லாததால ஏ3ல ஒரு பிஷப் வந்து உக்காந்தா எஃப்8 கட்டம் அடைபட்டுப் போகும், காஸ்லிங் பண்ணி ராஜாவை ஓரத்துல பத்திரமா வைக்க முடியாது. குயின் பி3ல வந்தா நம்ம ராஜா பக்கத்துல இருக்கற எஃப்7 மேல ரெண்டு பேரு கண்ணு. ஒரு பானுக்கு இவ்வளவு வாங்கிட்டுப் போறாங்கன்னு எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சு.

நான் பண்ண தப்பு என்னன்னா வாங்கினதை விடவே மாட்டேன். பி4 எடுத்தாச்சு, டி4 பானையும் எடுத்தாச்சு, அவரு காஸ்லிங் பண்றாரு, சி3 பானும் அடியில கிடக்குது, அதையும் எடுப்போமேன்னு எடுப்பேன். மூணு பான் லாபம்னு மனசுக்குள்ள கணக்கு, ஆனா என் ராஜா நடு ரோட்டுல நிக்கிறாரு. இதே ஆசை ரூபன் ஃபைன் மாதிரி கிராண்ட்மாஸ்டரையே விடலைங்கறது தான் ஒரு ஆறுதல். 1963ல நியூயார்க்ல அமெரிக்காவோட பாபி ஃபிஷரோட சும்மா ஆடின கேம், மூணு பானையும் எடுத்துக்கிட்டாரு, 17வது மூவ்ல ஃபிஷர் குயினை ஜி3ல கொண்டு போய் எதிராளி குயின் முன்னாடியே வச்சாரு. எடுத்தா பிஷப் எஃப்6, மேட். அங்கேயே ஃபைன் விட்டுட்டாரு. அந்த பொசிஷனை போர்டுல வச்சு நீங்களே பாருங்க, டி8ல ராஜா, ஒரு பக்கம் அவரோட காய்களே அடைச்சிட்டு நிக்கும், இன்னொரு பக்கம் இ7, இ8 கட்டங்களை ஃபிஷரோட ரூக் இ1ல இருந்து பிடிச்சு வச்சிருக்கும், ஓட ஒரு கட்டம் பாக்கி இருக்காது.

நம்ம ஆனந்தே மாட்டியிருக்காரு. 1995, லாட்வியா நாட்டு ரிகா, காஸ்பரோவ் யாரும் எதிர்பார்க்காம இந்த பழைய சாமானை எடுத்துப் போட்டாரு, அதே வருஷம் செப்டம்பர்ல ரெண்டு பேருக்கும் நியூயார்க்ல வேர்ல்ட் சாம்பியன்ஷிப் மேட்ச் வேற. ஆனந்த் பேராசைப்பட்டாருன்னு எல்லாம் சொல்ல முடியாது, பிஷப்பை இ7க்கு இறக்கி, குதிரையை ஏ5ல வச்சு அந்த சி4 பிஷப்பை விரட்டி, புக்ல இருக்கற மாதிரி அமைதியா தான் ஆடினாரு. காஸ்பரோவ் டி4ல குயினாலயே அடிச்சு, அதை ஹெச்4, ஜி3ன்னு சுத்தி கொண்டு வந்து, ஜி6 தள்ள வச்சு, பிஷப்பை ஹெச்6ல ஆணி மாதிரி அடிச்சிட்டாரு. ஆனந்துக்கு ரெண்டு பான் ஜாஸ்தி இருந்துச்சு, ஆனா கடைசி வரைக்கும் காஸ்லிங் கிடையாது, 25 மூவ்ல முடிஞ்சு போச்சு. இதை முதல் தடவை பார்த்தப்ப என் வயித்தெரிச்சல் கொஞ்சம் குறைஞ்சுதுன்னு சொன்னா தப்பா நினைக்காதீங்க.

சரி, எடுக்காம பிஷப்பை பி6க்கு இழுத்துக்கலாமேன்னா, இழுத்துக்கலாம், தப்பில்லை. ஆனா ஏ4 தள்ளி இடம் பிடிச்சு நம்மளை ஓரத்துல உக்கார வச்சிடுவாங்க, அதுவும் அவரு "ஏனுங்க, பயமா?"ன்னு கேட்டுட்டார்னா அன்னிக்கு சோறு இறங்காது.

உண்மையான மருந்து பழைய உலக சாம்பியன் எமானுவல் லாஸ்கர் கிட்ட இருக்கு. அவருக்கு முன்னாடி சாம்பியனா இருந்த ஸ்டைனிட்ஸ் எல்லாம் வாங்கின பானை உடும்புப் பிடியா பிடிச்சு வச்சிருப்பாரு, ஹவானால 1889லயும் 1892லயும் நடந்த ரெண்டு மேட்ச்லயும் ரஷ்யாக்காரர் சிகோரின் திரும்பத் திரும்ப இதே கேம்பிட்டைப் போட்டு அவரை நசுக்கிப் பார்த்தாரு, ஸ்டைனிட்ஸ் மேட்ச் ரெண்டையும் ஜெயிச்சார்ங்கறது வேற கதை, நானும் நீங்களும் ஸ்டைனிட்ஸ் இல்லை. லாஸ்கர் சொன்ன வழி ரொம்ப சிம்பிள். சி3 வந்ததும் பிஷப் ஏ5, அவரு காஸ்லிங், நாம டி6, அவரு டி4, உடனே பிஷப் பி6. அவ்வளவு தான். பானை திருப்பி வேணுமா, எடுத்துக்கோ. டி பான் இ5ல அடிக்கும், நாமளும் அடிப்போம், குயினுக்கு குயின் போயிடும், குதிரை இ5 பானை எடுக்கும், நாம பிஷப் இ6. கணக்கு சமம். ஆனா அட்டாக் பண்ண குயின் இல்லை, வெள்ளைக்கு ஏ2லயும் சி3லயும் ரெண்டு பான் துணைக்கு ஆள் இல்லாம அநாதையா நிக்கும், மெதுவா போய் ஒவ்வொண்ணா பறிக்கலாம்.

போன மாசம் இதைத் தான் போட்டேன். குயின் மாத்தினதும் பெரியவரு டீயைக் கீழ வச்சிட்டு போர்டையே பார்த்துட்டு இருந்தாரு, ரொம்ப நேரம். "என்னங்க தம்பி, ஆட்டமே சப்புன்னு போயிருச்சுங்களே." ஒரு மணி நேரம் எண்ட்கேம் (காய் குறைஞ்ச கடைசிக் கட்டம்) ஆடி சி பானைப் பறிச்சு ஜெயிச்சேன். பக்கத்துல வேடிக்கை பார்த்தவங்க ரெண்டு பேரு பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டாங்க, அது உண்மை.

அடுத்த நாள் அதே பி4, அதே பிஷப் பி6 வரைக்கும் வந்துச்சு. இந்த தடவை இ5ல அடிக்கலை. குயினை எடுத்து பி3ல வச்சு, என்னைப் பார்க்காம டம்ளரை எடுத்துக்கிட்டாரு. நான் எஃப்7யைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன், பார்க் லைட் போடுற வரைக்கும்.