இரண்டு துண்டு பிரெட்

கோதுமையைச் சாப்பிடச் சொல்வதுதான் என் பிழைப்பு. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். "ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி, நெறைய காய்" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. (இட்லியை விட்டுச் சப்பாத்திக்கு மாறினாலே சர்க்கரை இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை சப்பாத்தி என்று யாரும் கேட்பதில்லை. அது தனிப் புலம்பல்.) அந்தப் பெண்ணுக்குக் கோதுமை கொடுக்கச் சொன்னதை மட்டும் இன்னும் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால், அவளுக்கு அது ஆகாது என்று அப்போதே எனக்கு ஏறக்குறையத் தெரியும்.

கல்லூரி முதலாண்டு மாணவி. அப்போது பிளஸ் ஒன் படித்த தங்கையைவிட அரைச் சாண் குள்ளம். வருடக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. வயிற்று உப்புசம், பேதி, ஆறாத வாய்ப்புண். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. அப்பா பரோட்டா மாஸ்டர். ராத்திரி கடை சாத்திவிட்டு வரும்போது பிள்ளைகளுக்கென்று வாழையிலையில் மடித்த ஒரு பொட்டலம் கூடவே வரும்.

நோயைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, அப்பாயிதான். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர். லீவுக்கு மலைக்குப் போன பேத்தி அங்கே கேழ்வரகுக் களியும் சாமைச் சோறுமாகச் சாப்பிட்டிருக்கிறாள். ரேஷனில் கோதுமை போட்டால்கூட அந்தம்மா வாங்குவதில்லையாம். பேதி நின்றது, முகம் தெளிந்தது. கீழே இறங்கி வந்த வாரமே பழையபடி படுத்தாள். மறுபடி மலைக்கு அனுப்பினார்கள், மறுபடி தேறினாள். "புள்ளைக்குக் கோதும்ப ஆவல, இனிமே கண்ணுல காட்டாதீங்க" என்று அப்பாயி சொல்லி அனுப்பிவிட்டார். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெவும் இப்படித்தான் வந்து சேர்ந்தார். 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது அவரிடமிருந்த சீலியாக் குழந்தைகள் (கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய் இது) தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் படுத்துவிட்டார்கள். நம் அப்பாயிக்கு ஒரு கோடை லீவே போதுமாக இருந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு இது சட்டென்று தோன்றாததற்குக் காரணம் உண்டு. 2016இல் வந்த ஓர் ஆய்வில், டெல்லி, ஹரியானா பக்கம் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இந்த நோய். வேலூர்ப் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவர்தான். மரபணு இங்கேயும் இருக்கிறது, தட்டில் பெரும்பாலும் அரிசி இருப்பதால் நோய் குறைவு என்பது அவர்கள் ஊகம். பரோட்டா மாஸ்டர் வீட்டுத் தட்டு ஆய்வில் வராது.

வில்லங்கம் எங்கே வந்ததென்றால், கோதுமையை நிறுத்தி நாலைந்து மாதம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார்கள். ரத்தத்தில் பார்க்கும் டி.டி.ஜி. எதிர்ப்பொருள், கோதுமையோ பார்லியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ஏறி நிற்கும். நிறுத்திவிட்டால் மெல்ல இறங்கிவிடும். சிறுகுடலில் தேய்ந்துபோன குடலுறிஞ்சிகளும் மெல்ல முளைத்துவிடும். அவளுக்கு டி.டி.ஜி. நார்மலுக்குள்ளேயே வந்தது. ஐ.ஜி.ஏ. என்கிற எதிர்ப்பொருள் வகையே ரத்தத்தில் மொத்தமாகக் குறைவாக இருந்தால் இந்தச் சோதனையே ஏமாற்றும். அதையும் பார்த்தார்கள், சரியாகத்தான் இருந்தது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் வெளியூர் போனது. அதில் இல்லை என்று வந்தால் இந்த நோய் அநேகமாக இல்லை என்று விட்டுவிடலாம். இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் முடிவாகாது, நோயே இல்லாத எத்தனையோ பேருக்கு அதே மரபணு உண்டு. அவளுக்கு இருக்கிறது என்று வந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி: ஆறு வாரம் தினமும் குறைந்தது இரண்டு துண்டு பிரெட், பிறகு எண்டாஸ்கோப்பி, பயாப்சி. ரொம்ப முடியவில்லை என்றால் இரண்டு வாரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, "மேடம் விவரமாச் சொல்வாங்க" என்று என் அறைக்கு அனுப்பிவிட்டார்.

அவள் அம்மா உட்காரவே இல்லை.

"இப்பத்தாங்க மேடம் ரெண்டு கிலோ ஏறியிருக்கறா. நல்லா இருக்கற புள்ளைக்கு மறுபடியும் அந்தக் கருமத்தக் குடுக்கணுங்களா?"

நான் என்னென்னவோ சொன்னேன். இது வாழ்நாள் முழுக்க வருகிற பத்தியம். ஊகத்தை நம்பி இறங்கக் கூடாது. கோதுமை அலர்ஜி வேறு, சும்மா செரிக்காமல் போவது வேறு, இது வேறு. இதுதான் என்று உறுதியானால் எலும்பைப் பார்க்க வேண்டும், தைராய்டு பார்க்க வேண்டும், கூடப் பிறந்தவளுக்கும் பார்க்க வேண்டும். கடைசியில், "காயம் ஆறிட்டா எங்க அடிபட்டுதுன்னு எப்படிங்கம்மா தெரியும்?" என்றேன்.

"அப்ப, மறுபடி அடிக்கச் சொல்றீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெண் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் இட்லி மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "டாக்டரு சொன்னாருன்னு இல்லீங்க மேடம். நீங்க சொல்றீங்கன்னுதான் குடுக்கறேன்."

நானும் "குடுங்கம்மா, நான் சொல்றேன்" என்றேன்.

படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தது வேறு. விவரத்தை முன்னால் வை, முடிவை அவர்களிடம் விடு. "இது உங்க முடிவும்மா, வேண்டாம்னாலும் தப்பில்ல, கோதுமை இல்லாமயே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. பயாப்சி வேண்டாம் என்று அப்படியே பத்தியத்தில் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து நிற்கிற அம்மாவிடம் "உங்க முடிவு" என்பது, சொல்லிவிட்டு நாம் நகர்ந்துகொள்வதற்கு வசதியான வாக்கியம் என்றுதான் எனக்கு எப்போதும் பட்டிருக்கிறது. யாராவது ஒருவர் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் வேறு மாதிரியும் தோன்றுகிறது: அந்தம்மா வைத்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையில்தான் வாய் முந்திக்கொண்டது.

இரண்டாவது வாரமே போன் வந்தது. பேதி. வாய் முழுக்கப் புண். செமஸ்டர் பரீட்சை நேரம். ஒரு தாளுக்குப் போகவில்லை, அரியர் விழுந்தது. அம்மா திட்டியிருந்தால் தேவலை. "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க" என்று மட்டும் சொன்னார். டாக்டரிடம் பேசி எண்டாஸ்கோப்பியை முன்னால் தள்ளினோம். பயாப்சியில் மார்ஷ் 3, அதாவது குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோன நிலை. டி.டி.ஜி.யும் பல மடங்கு ஏறியிருந்தது. சீலியாக் நோயேதான். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மா, "எங்கத்த இதத்தானுங்க அன்னிக்கே சொன்னாங்க" என்றார்.

சொன்னார்தான். ஆனால் அப்பாயியின் தீர்ப்புக்கும் இந்தக் காகிதத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று வாதாட என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அப்பாயி சொன்னதைக் கேட்டு பரோட்டாவையும் சப்பாத்தியையும் நிறுத்தினார்கள். ரசத்தில் போடும் பெருங்காயத்தை நிறுத்தவில்லை; கடையில் வாங்கும் கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தெம்புக்கு என்று பாலில் கலக்கும் மால்ட் பவுடர் பார்லி. சத்துமாவில் ஒரு பிடி கோதுமை. ரவா தோசையை யாரும் கோதுமைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. குளூட்டன் இல்லை என்று பொட்டலத்தில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டு துண்டு பிரெட்டில் ஏறக்குறைய 4 கிராம் இருக்கிறது. பரோட்டா தேய்த்த சட்டுவத்தில் ஒட்டியிருப்பதே அவளுக்கு அதிகம். அறிக்கை வந்த பிறகுதான் அப்பா பொட்டலம் கொண்டுவருவதை நிறுத்தினார். தோசைக்கல்லைத் தனியாக வாங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர் கடையிலும் மாவு பிசைவதை விட்டுவிட்டு தோசைக்கல் பக்கம் போய்விட்டார், சம்பளம் குறைவுதான் என்றாலும். அந்த அளவுக்கு நான் சொல்லவே இல்லை. காகிதம் இல்லாமல் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பேன். உடனே, பிள்ளை படும் பாட்டைப் பார்த்தே செய்திருப்பாரோ என்றும் தோன்றும்.

ஒரு வருடத்தில் டி.டி.ஜி. நார்மலுக்குப் பக்கத்தில் வந்தது. ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டது. உயரம் இனிமேல் கூடாது. உள்ளே குடல் முழுசாக ஆற இன்னும் ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். சாப்பாட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆத்தூர்ப் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று காய்கிற ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு. அதில் குளூட்டன் கிடையாது. ரவை உப்புமாவுக்குப் பதில் ஜவ்வரிசி உப்புமா என்று அம்மா சந்தோஷமாகத் தொடங்கினார். அது வெறும் மாவுச்சத்து, ரத்தம் ஊறாது என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். களி, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, முட்டை. கடைசியில் அட்டையில் நான் எழுதியதில் பாதி, நாகலூர் அடுப்படியில் ஏற்கெனவே இருந்ததுதான்.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்த பிறகு, ஒரு நாள் அவள் தனியாக வந்திருந்தபோது, அரியரை எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னாள். "அந்த ரெண்டு வாரம் உனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சுல்ல" என்றேன். சிரித்தாள்.

"பிரெட்டு எங்க மேடம் சாப்ட்டேன்? அப்பா பரோட்டாதான். தெனமும் ராத்திரி மூணு, சால்னாவோட. இதுக்கப்பறம் சாப்டவே முடியாதுன்னு எனக்குத் தெரியும்ல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வேலை ஓடவில்லை. நான் சொன்ன இரண்டு துண்டோடு நின்றிருந்தால் பரீட்சை எழுதியிருப்பாளா? இருக்கலாம். அப்படியானால் அந்தப் பேதி என் கணக்கில் இல்லை. இப்படி ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்திலேயே கூச்சமாகவும் இருந்தது. கதவைத் திறந்துவிட்டது நான்தானே. இன்னொரு பக்கம், அப்பன் கையால் போட்ட பரோட்டாவை ஆசை தீரத் தின்றுவிட்டு விட்டிருக்கிறாள். அந்த இரண்டு வாரத்தை அவள் பரிசோதனை என்றே நினைக்கவில்லை. அம்மா என்னை நம்பிக் கொடுத்தார், மகள் என் பேரைச் சொல்லித் தின்றாள். இதில் நான் எந்தப் பாரத்தைச் சுமந்தேன் என்று இன்னும் பிடிபடவில்லை.

தங்கைக்குத்தான் பாக்கி. இந்த நோய் உள்ளவரின் கூடப் பிறந்தவர்களுக்குப் பத்தில் ஒருவருக்கு என்கிற அளவில் வர வாய்ப்புண்டு. வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கவும் கூடும். சின்னவள் கல்லூரி கேன்டீனில் பரோட்டா, பப்ஸ் எல்லாம் சாப்பிடுகிறாளாம். ஒரு ரத்தச் சோதனை போதும். மறுபடி பிரெட், மறுபடி பேதி என்கிற பேச்சே வராது, பார்க்க இதுதான் நேரம். அம்மாவிடம் சொன்னேன். "அவ நல்லாத்தானுங்க இருக்கறா" என்றார். அடுத்த முறையும் சொன்னேன், "பாக்கலாங்க" என்றார். இன்னொரு தடவை அழுத்திச் சொன்னால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், நான் சொல்கிறேன் என்பதற்காகவே. நம்பர் போனில் இருக்கிறது. சொல்ல வேண்டியது என் வேலை என்றும் தெரிகிறது. இன்னும் கூப்பிடவில்லை.