தர்மசங்கடம் வேறு, அற உளைச்சல் வேறு

கடன் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்தால்கூட 'தர்மசங்கடமாப் போச்சு' என்கிறோம். சமூகப் பணியில் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம்தான் தேவைப்படுகிறது. இரண்டு கடமைகள் மோதுகின்றன. ஒன்றைச் செய்தால் மற்றது பழுதாகும். சிறுமி நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காப்பதா, அவள் பாதுகாப்புக்காக அதை வெளியே சொல்வதா? இது தர்மசங்கடம்.

அற உளைச்சலில் இந்தக் குழப்பமே கிடையாது. செய்ய வேண்டியது என்னவென்று பணியாளருக்குத் தெரியும், செய்ய வழி இருக்காது. 1984-இல் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேமெட்டன் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். சமூகப் பணிக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறும். தர்மசங்கடத்துக்கு யோசனை உதவும். சமூகப் பணி அறத்தைப் பற்றி எழுதிய லோவன்பெர்க்கும் டால்காஃபும் வகுத்த முன்னுரிமை வரிசையில் 7 படிகள்: உயிர்ப் பாதுகாப்பு, சமத்துவம், தன்னுரிமை, குறைந்தபட்சத் தீங்கு, வாழ்க்கைத் தரம், அந்தரங்கம், உண்மை சொல்லுதல். உயிர் முதல் படி, அந்தரங்கம் ஆறாவது என்பதால் அந்தச் சிறுமி விஷயத்தில் விடை கிடைத்துவிடும். (உண்மையைக் கடைசியில் வைத்தது எனக்கு ஒப்பவில்லை. என்றாலும் அவசரத்தில் கைகொடுக்கிற வரிசை.) அற உளைச்சலில் இருப்பவரிடம் இந்தப் பட்டியலை நீட்டுவது வீண்; விடை தெரிந்ததுதான் அவருடைய பிரச்சினையே.

மருத்துவமனையில் சமூகப் பணியாளர் கையாளும் ஒரு டிஸ்சார்ஜை எடுத்துக்கொள்வோம். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர். வீடு மாடியில், உடன் யாருமில்லை. பராமரிப்பு உதவிக்கான விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வார்டுக்குப் படுக்கை வேண்டும், நாளை அனுப்பச் சொல்லியாகிவிட்டது. படிவத்தில் ஒரு கட்டம்: 'பாதுகாப்பான திட்டம் உள்ளதா? ஆம் / இல்லை.' 'இல்லை' என்றால் ஃபைல் திரும்பி வரும், தொலைபேசி ஒலிக்கும். பெரும்பாலும் 'ஆம்' மேல் டிக் விழுகிறது. உளைச்சல் குடியிருப்பது அந்த டிக்கில்தான், ஏனென்றால் அடுத்தவர் எடுத்த முடிவுக்குக் கீழே பணியாளரின் கையெழுத்து இருக்கிறது.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது குறிப்பெழுதும் விதம். 'குடும்பத்தினருடன் பேசப்பட்டது, திட்டம் விளக்கப்பட்டது' என்ற நடையில் ஆளே இல்லை. செயப்பாட்டு வினை யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: 'மாலை 4.10. நோயாளியால் படி ஏற முடியவில்லை என்று பிசியோதெரபிஸ்ட் இன்று பதிந்திருக்கிறார். இரவில் உடனிருக்க ஆள் இல்லை. உதவியாளர் கிடைக்கும்வரை டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தேன். நாளை காலை அனுப்புவதென்று வார்டு பொறுப்பாளர் முடிவெடுத்தார்.' தெரிந்தது, பரிந்துரைத்தது, முடிவெடுத்தவர். பெயரடை வேண்டாம், கோபமும் வேண்டாம். அது நோயாளியின் ஃபைல், நாளை அவரே வாசிக்கக்கூடும். கட்டத்தில் 'இல்லை' என்றே டிக் செய்துவிட்டு இந்தக் குறிப்பைக் காட்டுங்கள். திருப்பி அனுப்புகிறவர் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

இன்னொரு வழியும் நடைமுறையில் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: மதிப்பீட்டில் தேவையைக் கொஞ்சம் கூட்டி எழுதுவது. நோக்கம் நல்லதுதான். ஆனால் காத்திருப்போர் வரிசை ஒன்றே ஒன்று. பக்கத்து மேசைக்காரர் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், அவரைத் தேடி வந்தவர் பின்னுக்குப் போவார். அவர் முகம் நமக்குத் தெரியாது என்பதால் உறுத்துவதில்லை, அவ்வளவே. போதாததற்கு, எல்லா மதிப்பீடும் ஊதிப்போனால் உண்மையான அவசரத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மன அழுத்தத்துக்கு நடத்துகிற தியான வகுப்பைப் பற்றி ஒரே வரி: களைப்புக்கு நல்லது, இதற்கு அது மருந்தில்லை.

கேஸ் முடிந்தாலும் உளைச்சல் முழுதாக வடிவதில்லை. அடியில் வண்டல் தங்கும், அடுத்தது அதன் மேல் ஏறும். செவிலியர் அறத்தை ஆராய்ந்த எப்ஸ்டைனும் ஹேம்ரிக்கும் 2009-இல் விளக்கியது இந்த ஏறுமுகத்தைத்தான். சின்ன விஷயத்துக்கு ஒருவர் வெடித்தால் காரணத்தை அன்றைய கேஸில் தேடக்கூடாது. வீட்டுக்கு நேரில் போகாமல் போனிலேயே முடிப்பது, ஆளைப் பெயர் சொல்லாமல் கேஸ் எண்ணால் குறிப்பிடுவது, ஃபைலை அவசரமாக மூடுவது, இவையெல்லாம் வண்டல் ஏறியதன் அடையாளங்கள்.

இதை அளக்க 0 முதல் 10 வரை ஒரு கோடு போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து, பக்கத்தில் தடை எதுவென்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: விதி, ஆள், பணம், நேரம், மேலிடம். மூன்று மாதத்தில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள், எண்ணிக்கையோடு. 'கஷ்டமா இருக்கு' என்றால் ஆறுதல் கிடைக்கும். 'உதவி முடிவாகுமுன் அனுப்பப்பட்டவர்கள் இத்தனை பேர், திரும்பி வந்து சேர்ந்தவர்கள் இத்தனை பேர்' என்றால் அது நிகழ்ச்சிநிரலில் ஏறும். சூப்பர்வைசரிடம் இதற்கென்று தனியாக 20 நிமிடம் கேளுங்கள். கேஸ் கணக்கோடு சேர்த்து வைத்தால் கணக்கே நேரத்தைத் தின்றுவிடும்.

அந்த முதியவரைத் தடுக்க முடியாமல் அனுப்பியாகிவிட்டது என்றால், அவர் வார்டை விட்டுக் கிளம்புமுன்பே டைரியில் இரண்டு அழைப்புகளைக் குறித்துவிடுங்கள்: அன்று மாலை ஒன்று, மறுநாள் காலை ஒன்று. இரண்டாவது அழைப்பையும் எடுக்காவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டியவர் யார் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.