கார்லோஸ் பிளெட்சோவின் அப்பா

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துப் பையன் கார்லோஸ் பிளெட்சோ. நாஷ்வில்லில் கல்லூரியில் படித்த காலத்தில் இஸ்லாத்துக்கு மாறினான். மதம் மாறியதைக் குறை சொல்ல நமக்கு உரிமையே இல்லை. எத்தனையோ பேர் மாறி நிம்மதியாக வாழ்கிறார்கள். இவனை வேறு யாரோ வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவன் அப்பா மெல்வின் 2011 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன் சொன்னதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சுவரில் மாட்டியிருந்த மார்ட்டின் லூதர் கிங் படத்தை மகன் கழற்றிவிட்டானாம். வளர்த்த நாயைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டானாம். வீட்டில் குழம்பினார்கள், வயசுக் கோளாறு என்று தேற்றிக்கொண்டார்கள். எந்த அப்பா அம்மாதான் வேறு மாதிரி நினைப்பார்கள்?

அப்புறம் 2007இல் ஏமன். அங்கே கைது, சிறை, 2009 தொடக்கத்தில் நாடுகடத்தல். அதே வருடம் ஜூன் 1, லிட்டில் ராக்கில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வாசலில் நின்ற இரண்டு இளம் வீரர்களைச் சுட்டான். வில்லியம் லாங் இறந்துபோனார். இன்னொருவர் காயத்தோடு பிழைத்தார். பிளெட்சோவுக்கு ஆயுள் தண்டனை.

மெல்வினை வில்லியமின் அப்பா வெறுக்கவில்லை. இரண்டு அப்பாக்களும் சேர்ந்தே பேசினார்கள், இன்னொரு பிள்ளை இப்படிப் போகக் கூடாது என்று.