கிழிந்த சீல்

2018-இல் சென்னையில் ஒரு லேப்டாப் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதித் தரும் ஒரு அக்கா லேப்டாப்போடு வந்தார். ஸ்கிரீனில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருப்பிப் பார்த்தால், ஸ்க்ரூ மேல் ஒட்டியிருந்த சீல் கிழிந்திருந்தது. மெஷின் மெதுவாக ஓடுகிறதென்று ரிச்சி தெருவில் மெஷினைத் திறந்து ராம் (RAM, மெமரி) கூட்டியிருந்தார். ஜாப் ஷீட்டில் "சீல் கிழிந்திருக்கிறது, வாரண்டி இல்லை" என்று எழுதினேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

"ராம் போட்டதுக்கும் ஸ்கிரீன்ல கோடு விழுறதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று கேட்டார்.

ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படிக் கோடு விழுவது பெரும்பாலும் பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போவதால். ராம் இருப்பதோ கீழே, மதர்போர்டில். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பேனலுக்குக் காசு கட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்காக யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மெஷினில் நாலு மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் ஆறு மில்லிமீட்டர் ஸ்க்ரூவை முறுக்கியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முனை போர்டுக்குள் இறங்கி, தலைமுடி மாதிரியான செம்புத் தடங்களை அறுத்திருந்தது. இதற்குக் கம்பெனி பொறுப்பேற்காது, ஏற்கவும் வேண்டாம். ஆனால் இங்கே வாரண்டியை மறுக்கக் காரணம் அறுந்த தடம்தான், சீல் இல்லை.

அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, எங்கள் பாகத்தைப் போட்டால்தான், எங்களிடம் பழுது பார்த்தால்தான் வாரண்டி என்று பொதுவாக நிபந்தனை வைக்க முடியாது. அந்த அக்கா வந்த அதே 2018-இல், ஏப்ரல் மாதம், அப்படி நிபந்தனை வைத்த ஆறு நிறுவனங்களுக்கு அந்நாட்டு வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வரவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எதற்குப் போனாலும், வாரண்டியை ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் சாட்சி அந்த ஜாப் ஷீட்தான்.

இப்போது வேறு சென்டரில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மெஷின் வந்தது, ஸ்பீக்கர் கரகரத்தது. "சீல் இல்லை. எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றியிருக்கிறார். ஸ்பீக்கர் கோளாறுக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்று எழுதி, போட்டோவும் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் புது ஸ்பீக்கர் வந்தது, வாரண்டியிலேயே.